உளிக்கு விட்ட இடம்

போன மாதம் கார்த்திகா போன் செய்தாள். எங்கள் காமிக்ஸ் பத்திரிகை நின்ற பிறகு, அதை அடித்த அதே அச்சகத்தில் லேபிள் வேலைக்குச் சேர்ந்து, என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள். இப்போது ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போய் ஒரு காமிக்ஸ் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். கல்வீரனும் அவன் கூட்டாளிப் பையன் உளியும் வருகிற எங்கள் பழைய கதைகளைத் தடித்த அட்டை போட்டு அந்த ஸ்டுடியோ மறுபடியும் கொண்டுவரப் போகிறதாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அக்கா, இப்ப வர்ற சூப்பர்ஹீரோ புக்குல எல்லாம் பழைய கூட்டாளி வந்து ஹீரோ சட்டையப் புடிச்சிக் கத்துறான். நம்ம கடைசி இதழ்ல மட்டும் உளி தூரமாவே நிக்கிறான், பேச்சே இல்ல. எங்க ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டாங்க. இந்த ஐடியா யாருக்கா குடுத்தது?"

எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐடியாவாம். அதற்கு ஒரு பெயர் வைத்து, அதைப் பார்த்து அசந்தும் போகிறார்கள். பாராட்டை வாங்கி முடிச்சில் வைத்துக்கொண்டு போகிற ஆள் நான் இல்லை. நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன், பிறகு அசந்துகொள்ளட்டும்.

வெளிநாட்டு காமிக்ஸ் நான் நிறையப் படித்தவள். எங்கள் முதலாளி பெங்களூரின் பழைய புத்தகக் கடைகளில் கட்டுக் கட்டாக வாங்கி வந்து போடுவார், படித்துக் கதை சொல்ல வேண்டியது என் வேலை. நாயகனோடு ஒரு பொடியன் சுற்றிக்கொண்டிருப்பான். அவன் வளர்ந்துவிட்டால் கதை எழுதுகிறவர்களுக்குத் திண்டாட்டம். சில பேர் அவனைச் சாகடித்து விடுவார்கள், நாயகன் மழையில் நனைந்துகொண்டு அழுவான். சில பேர் அவனை எதிரியாகத் திருப்பி அனுப்புவார்கள். மிச்சப் பேர் வேறு நிறத்தில் சட்டை தைத்துக் கொடுத்து, வேறு ஊருக்குக் குடிவைத்து, நாலு வருஷம் கழித்து மொட்டை மாடியில் சண்டை போடவைத்து, கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடிக்க வைப்பார்கள். அந்தக் கட்டிப்பிடித்தலை நான் ஒரு நாளும் நம்பினதில்லை. இத்தனை வருஷம் அவனை என்னவென்று கூப்பிட்டாய், எங்கே உட்காரவைத்தாய் என்று அதில் யாரும் யாரையும் கேட்கிறதே இல்லை.

நான் போச்சம்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். பெயர் பத்மாவதி. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்கிற ஒரே தகுதியில் ஓசூர் தொழிற்பேட்டையில் இருந்த அந்த அச்சகத்தில் சேர்ந்தேன். ஃபேக்டரிகளுக்கு அட்டைப்பெட்டி, லேபிள் அடிக்கிற இடம். முதலாளி நஞ்சப்பா சாருக்குக் காமிக்ஸ் பைத்தியம். பெட்டி ஆர்டர் இல்லாத நாட்களில் மெஷின் சும்மாதானே கிடக்கிறது என்று மாதம் ஒரு காமிக்ஸ் ஆரம்பித்துவிட்டார். பசை கலக்க, பிளேடு பிடிக்க, பேச்சுப் பலூனுக்குள் எழுத்து அடக்க எல்லாம் ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். பிறகு வசனமும் நானே எழுத ஆரம்பித்தேன், கேட்பார் இல்லை.

நஞ்சப்பா சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் கன்னடம், மெஷின்காரர்களோடு தெலுங்கு, எங்களோடு தமிழ். எந்தப் பேச்சானாலும் நடுவில் ஒரு "ஆய்த்தா?" வந்துவிடும். முடிந்ததா என்று கேட்கிறாரா, புரிந்ததா என்று கேட்கிறாரா என்பதை நாங்கள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாயில் கிராம்பு ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்து, நான் வசனம் படிக்கக் கேட்பார். படத்தில் ஆட்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்களோ அவ்வளவு தூரத்தில் நானும் நிற்க வேண்டும், அது அவர் சட்டம். வில்லன் மலை உச்சியில் நின்று பேசுகிறான் என்றால் என்னை மெஷின் ஹாலின் அந்தக் கோடிக்குத் துரத்துவார். "அங்க போய் நில்லும்மா. அங்கேர்ந்து சொல்லு." மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும், நான் அங்கிருந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். காதில் விழாத வசனத்தை வெட்டிவிடுவார். மெஷின்மேன்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வெட்டின பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அவர் செய்தது சரி என்று தெரியும், அது இன்னும் எரிச்சல்.

கல்வீரனை வரைந்தவர் கோவிந்தராஜ் அண்ணன். ராயக்கோட்டைப் பக்கம் கிராமம், நிலபுலன் உள்ள வீடு. சைன்போர்டு எழுதப் பழகி, பிறகு படத்துக்கு வந்தவர். கருங்கல்லைத் தொட்டால் பலம் வருகிற நாயகன் அவர் கற்பனை. எங்கள் ஊர்ப்பக்கம் கல்லுக்கு என்ன பஞ்சம், நன்றாக ஓடியது. ஆனால் அவருக்குப் பொடியன்கள் வராது. கூட வருகிற உளி என்கிற பையனை அவர் வரைந்தால் சுருங்கிப்போன கிழவன் மாதிரி இருந்தான். கட்டங்களுக்குப் பார்டர் கோடு போடுவதற்காக அவரே தன் ஊரிலிருந்து கூட்டிவந்திருந்த மாதேஷ், ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது உளியின் முகத்தை வெள்ளை பூசி அழித்துவிட்டு வேறு போட்டு வைத்திருந்தான். நாங்கள் வந்து பார்த்தோம். உளி எங்களைப் பார்த்துச் சிரித்தான். கோவிந்தராஜ் அண்ணன் பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "இனிமே இவன நீயே பாத்துக்கடா" என்றார். மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்று முதல் வேலை முறை இப்படி ஆனது. நான் காட்சிக் குறிப்பு எழுதிக் கொடுப்பேன்: யார் வருகிறார், எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார். பேச்சு அதில் இருக்காது. பேச்சு கடைசியில் என் கையால் ஒட்டப்படுவது. கோவிந்தராஜ் அண்ணன் கட்டம் போட்டு, பாறை, மரம், கல்வீரன் எல்லாவற்றையும் இங்க்கில் முடித்து, உளி நிற்க வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விடுவார். உளியின் தலை எதுவரை வர வேண்டும் என்று நீலப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அச்சுக்காகப் பக்கத்தைப் படம் பிடிக்கிற கேமராவில் நீலம் விழாது, அச்சில் தெரியாது. அந்தக் கோடு எப்போதும் கல்வீரனின் தோளுக்கு நேராக இருக்கும். பக்கம் மாதேஷ் மேசைக்குப் போகும். கோட்டுக்கு அடியில் அவன் உளியை நிறுத்துவான். பிறகு என்னிடம் வரும்.

மாதேஷின் அப்பா கோவிந்தராஜ் அண்ணனுடைய அப்பாவின் நிலத்தில் கூலி வேலை செய்தவர். வந்த புதிதில் மாதேஷ் அவரைச் "சாமி" என்றுதான் கூப்பிட்டான். நஞ்சப்பா சார்தான் ஒரு நாள், இங்கே சாமி எல்லாம் கோயிலில் இருக்கிறது, அண்ணா என்று கூப்பிடு என்றார். மாதேஷ் பழகிக்கொண்டான். அண்ணனும் அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு சானமாவுக் காட்டு வழியாக ஊருக்குக் கூட்டிப்போவார். ரோட்டில் யானை நின்றால் இரண்டு பேரும் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்து, மறுநாள் அந்தக் கதையை இரண்டு பேரும் சேர்ந்து சொல்வார்கள். மாதேஷுக்குக் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தினவரும் அண்ணன்தான். ஆனால் பத்திரிகையில் 'படம்' என்று போடுகிற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் வந்தது. மாதேஷும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வாசகர் கடிதங்களில் பாதி உளியைப் பற்றித்தான் இருக்கும்.

இப்படியே உளி பையனாகவே இருந்தான், மாதேஷுக்குக் காதோரம் நரைக்க ஆரம்பித்தது.

ராயக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மாதேஷின் மகள் படித்த பள்ளிக்கூடம். கோவிந்தராஜ் அண்ணன் மேடையில், நாங்கள் கீழே. மாதேஷ் புதுச் சட்டை போட்டு, மனைவியோடு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மகள் முன்னால் பிள்ளைகளோடு தரையில். அண்ணன் போர்டில் கல்வீரனை வரைந்து காட்டினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பையன் எழுந்து, உளியையும் போடுங்க என்றான். அண்ணன் சிரித்தார்.

"உளிய நான் போடறதில்லப்பா. அதுக்கு நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். நான் கோடு போட்டுக் குடுத்தா ரொப்பிடுவான்."

அவ்வளவுதான். பெயர் இல்லை, அதோ உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு கைகாட்டல் இல்லை. மேடையில் அடுத்த பேச்சு ஆரம்பமாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தது. உளியை வரைகிறவர் எங்கப்பா என்று அது பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தது என்று எனக்குப் பிறகு தெரிந்தது. மாதேஷ் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டி, அந்தப் பக்கம் திரும்பு என்பது போலக் கையைக் காட்டினான். அந்தக் கையை நான் பார்த்தேன்.

மறுவாரம் அவன் வேலைக்கு வரவில்லை. போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் பெயின்ட் பிரிவில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். கோவிந்தராஜ் அண்ணனுக்கு முதலில் கோபம், பிறகு ஆச்சரியம். "ஆசையாத்தானே சொன்னேன், பத்மா. நம்ம பையன்னா அது ஆசையில்லாமயா?" என்று என்னிடம் கேட்டார். உங்கள் ஆசைக்கு அவனுக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லையே என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

உளியை வரைய ஆள் இல்லை. இரண்டு பேரை முயற்சி செய்து பார்த்தோம், பிள்ளைகள் கடிதம் எழுதித் திட்டினார்கள். உளியைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். மெஷின்மேன் ஒருவர், பாறையிலிருந்து விழுந்து செத்துவிட்டதாகப் போட்டுவிடலாமே என்றார். நஞ்சப்பா சார் கண்ணைத் திறந்தார். "பேடா. சாகடிக்கக் கூடாது. போனவன் திரும்பி வர்றதுக்கு வழி இருக்கணும். ஆய்த்தா?"

ஆகவே நான் எழுதினேன். ஊர் கூடிக் கல்வீரனுக்கு விழா எடுக்கிறது. மேடையில் கல்வீரன் எல்லாருக்கும் நன்றி சொல்கிறான், உளியின் பெயரைச் சொல்லவில்லை. மறுநாள் காலை உளி கண்ணில் கட்டுகிற முகமூடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுகிறான். இதை நான் வேண்டுமென்றேதான் எழுதினேன், கோபத்தில் எழுதினேன். அண்ணன் குறிப்பைப் படித்தார், வரைந்து கொடுத்தார். உளி ஏறிய பஸ்ஸை மட்டும் வரைந்தார், உளியை வரையவில்லை.

அதற்குப் பிறகு கல்வீரன் தனியாகத்தான் சண்டை போட்டான். விற்பனை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெட்டி ஆர்டர் ஏறியது. மெஷின் ராப்பகலாகப் பெட்டிக்கே போதவில்லை. நஞ்சப்பா சாருக்கு உடம்பும் சரியில்லை. ஒரு நாள் அண்ணனையும் என்னையும் கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு இதழ், அதோடு நிறுத்திவிடலாம், அதில் உளி திரும்பி வர வேண்டும் என்றார். யார் வரைவது என்று அண்ணன் கேட்டார். நஞ்சப்பா சார் என்னைப் பார்த்தார். நான் போச்சம்பள்ளிக்குப் பஸ் ஏறினேன்.

மாதேஷ் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். பெருத்திருந்தான், மீசை வைத்திருந்தான், கையில் சாப்பாட்டுப் பை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் கம்பெனியைப் பற்றியே பேசினான். ஸ்ப்ரே அடிக்கிற இடத்தில் மூக்கில் துணி கட்டிக்கொண்டால் மூச்சு முட்டுகிறது, கட்டாவிட்டால் ராத்திரி இருமல் என்றான். மகள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டது என்றான். பத்திரிகையைப் பற்றிப் பேச்சே இல்லை. சரி, கதை முடிந்தது என்று நான் எழுந்தபோது சொன்னான்.

"வரையறேங்க்கா. ஆனா பையனா வரைய மாட்டேன். அவனுக்கும் வயசாயிட்டுது."

நான் ஓசூருக்குத் திரும்பி அதை அப்படியே சொன்னேன். கோவிந்தராஜ் அண்ணனுக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. மீசை வைக்கட்டும், சட்டையை மாற்றட்டும், கல்வீரனுக்கும் நான் நரை போடுகிறேன் என்று குதித்தார். அந்த வாரமே வரைய உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, நான் பசை கலக்கிக்கொண்டிருந்தபோது மெல்ல வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். எதையோ தேடுகிற மாதிரி என் மேசையைக் கிளறினார். என்ன வேண்டும் என்றேன். கடைசிப் பக்கத்தில் கல்வீரன் ஒரு பேச்சுப் பேச வேண்டும் என்றார். என்ன பேச்சு என்றேன். சொல்லிக்கொண்டே போனார், நான் எழுதிக்கொண்டேன். பிறகு பலூனுக்கு ஏற்ற மாதிரி நான் குறைத்தது இதுதான்: 'உளி, அன்றைக்கு மேடையில் உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாளும் அது என்னை அறுக்கிறது.'

இதை நேரில் போய் அவனிடம் சொல்லக்கூடாதா, போச்சம்பள்ளி என்ன சீமையிலா இருக்கிறது என்று கேட்டேன்.

"வாய் வராது பத்மா. அவங்கப்பன் எங்கூட்டு வாசல்ல நின்னு கூலி வாங்கனவரு. நான் அவன் முன்னாடி போயி நின்னு என்னான்னு ஆரம்பிக்கறது? கல்வீரன் சொல்லட்டும். அவன் அச்சுல பாக்கட்டும். அதுக்கு முன்னாடி நீ சொல்லிடாத."

பெரிய மனுஷன் கண் கலங்குகிறதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வழக்கமான வேலை முறையும் அதுதானே. பக்கம் முதலில், பேச்சு கடைசியில்.

அண்ணன் பக்கங்களை முடித்ததும் அதைச் சுருட்டிக் குழாயில் போட்டு, எங்கள் டெலிவரி வேனில் போச்சம்பள்ளிக்கு அனுப்பினோம். மெஷின் எங்களுக்கு ஒழிந்திருந்தது கொஞ்ச நாள்தான், அதற்குப் பிறகு பண்டிகைப் பெட்டிகள் வரிசையில் நின்றன. மாதேஷ் ஷிஃப்ட் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அதே குழாயில் திரும்பி வந்தது. நஞ்சப்பா சார் அறையில், அவர் மேசை மேல் நான் விரித்தேன். மூன்று பேரும் குனிந்தோம்.

உளி வளர்ந்துதான் இருந்தான். மீசை, கையில் சாப்பாட்டுப் பை, கம்பெனிச் சட்டை. உயிரோட்டம் என்றால் அப்படி ஒரு உயிரோட்டம், நிற்கிற நிலையிலேயே இத்தனை வருஷத்துக் களைப்பு தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அவன் எங்கோ தூரத்தில், பாறைச் சரிவுக்குக் கீழே நின்றான். முன்னால் கல்வீரன் பெரிதாக, கை நீட்டிக்கொண்டு. கட்டிப்பிடிக்கிறார்கள் என்று நான் குறிப்பு எழுதியிருந்த கட்டத்திலும் அதே தூரம்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணும்னே பண்ணிருக்கான். கிட்ட வர மாட்டேங்கறான் பாருங்க. இதுக்கா நாம அவனக் கூப்பிட்டோம்?"

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அவன்மேல் கோபம்கூட வந்தது. நஞ்சப்பா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பிறகு விரலால் ஒரு இடத்தைத் தொட்டார். கல்வீரனின் தோளுக்கு நேராக அந்த நீலக் கோடு இருந்தது. அடுத்த கட்டத்திலும் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் இருந்தது.

அண்ணன் கை, பழைய பழக்கத்தில், உளியின் தலைக்குத் தோளளவுதான் இடம் விட்டிருந்தது. அதற்கு மேலே பாறையும் வானமும் இங்க்கில் முடிந்திருந்தன. வளரட்டும் என்று வாயால் சொன்ன மனுஷன், கையிடம் சொல்ல மறந்துவிட்டார். வளர்ந்த ஆளைக் கிட்டத்தில் நிறுத்தினால் கோட்டைத் தாண்டியாக வேண்டும். தாண்டாமல் முழு ஆளாக நிற்க வேண்டுமானால் ஒரே வழி, சிறிதாகத் தெரிகிற அளவுக்குத் தூரத்தில் நிற்பது. மாதேஷ் அதைத்தான் செய்திருந்தான்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளை பூசி அழித்துப் போட்டிருக்கலாமே, முன்னே ஒரு நாள் அழித்தானே என்றார் மெதுவாக. பிறகு எல்லாவற்றையும் நானே மறுபடி வரைகிறேன், எனக்கு நேரம் கொடுங்கள் என்று கேட்டார். நஞ்சப்பா சார் என்னைப் பார்த்து, கடைசிப் பக்கத்துப் பேச்சை எடுத்துக்கொண்டு வா என்றார்.

வழக்கம் போல ஹாலுக்குக் கூட்டிப்போனார். உளி நிற்கிற தூரத்தைப் படத்தில் பார்த்துக் கணக்குப் போட்டு, ஹாலின் அந்தக் கோடியைக் காட்டினார். மெஷினில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் நின்று படித்தேன். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று சைகை செய்தார். இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன். கேட்கவில்லை. மூன்றாவது தரம் கத்தினேன். 'அன்றைக்கு மேடையில் உன் பெயரை நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்' என்று மெஷினுக்கு மேலே நான் கத்துகிறேன், சார் பக்கத்தில் கோவிந்தராஜ் அண்ணன் தலை குனிந்து நிற்கிறார், மெஷின்மேன்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்தேன். நஞ்சப்பா சார் அண்ணன் தோளில் கையை வைத்தார்.

"இப்ப கேக்குது. ஆனா கத்திச் சொல்ற பேச்சா இது, கோவிந்து? இவ்ளோ தூரத்துல நிக்கிறவன்கிட்ட இத எப்படிச் சொல்வான் கல்வீரன்? இது இருக்காது. அவன் வரைஞ்சது நல்லா இருக்குது. நாம மூணு பேரும் நெனச்சத விட நல்லா இருக்குது. அப்படியே போகட்டும். இத நீ வேற எடத்துல சொல்லிக்க."

வெட்டினார். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை இல்லாமல் அச்சுக்குப் போனது. கார்த்திகாவின் ஆபீஸில் எல்லாரும் அசந்துபோகிற இடம் அதுதான். அவர் வெட்டினது பத்திரிகைக்குச் சரி. இரண்டு மனுஷருக்குச் சரியா என்று கேட்டால், இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

வேறு இடத்தில் சொல்லிக்கொள் என்றதை அண்ணன் செய்யவில்லை. பண்டிகை கழியட்டும் என்றார், கம்பெனி லீவு விடட்டும் என்றார், வீட்டில் விசேஷம் வருகிறது அதற்குக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் சொல்லட்டுமா என்று கேட்டால், நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்பார். முதலில் நஞ்சப்பா சார் போனார். அதற்குப் பிறகு நெஞ்சுவலியில் ஒரு காலையில் அண்ணன் போனார். நான் ராயக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாதேஷ் மாலை போட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தான். அவர் உயிரோடு சொல்லாததை அவர் போன பிறகு நான் கொண்டுபோய்ச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு என்று நானும் விட்டுவிட்டேன். வருஷங்கள் ஓடிவிட்டன, நானும் ஓய்வுபெற்றேன்.

இப்போது மறுபதிப்பில் அட்டையிலேயே இரண்டு பேர் பெயரையும் போட வேண்டும் என்று கார்த்திகாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் சம்மதித்தாள், மாதேஷிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிக்குப் போனேன். அவனும் ஓய்வுபெறுகிற நேரம். சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டியிருக்கிறான். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தது, என்னை அடையாளம் தெரிந்து காபி போட்டுக் கொடுத்தது. பெயர் விஷயத்தைச் சொன்னேன். மகளைத் திரும்பிப் பார்த்து, "போடட்டும்க்கா, இவ பாக்கட்டும்" என்றான்.

எனக்கு அப்போது வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கடைசி இதழில் உளியை அத்தனை தூரத்தில் நிறுத்தினாயே, அண்ணன் மேல் இருந்த அந்தக் கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன். அவன் விழித்தான்.

"கோவமா? கோவமில்லையேக்கா. அண்ணன் போட்ட கோட்ட நான் எப்பத் தாண்டிருக்கேன்? அந்த எடத்துல முழு ஆளா நிக்கணும், அதான் யோசிச்சேன். அவரு இன்னும் என்னைய அவ்ளோதான்னு நெனச்சிகினு இருக்காருன்னு தெரிஞ்சிது. சரி, இருக்கட்டும்னு தூரமா நிக்க வெச்சேன்."

அப்போது சொன்னேன். கோடு நினைத்துப் போட்டதில்லை, கை போட்டது என்றேன். பசை மேசைக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்ததை, சொல்லச் சொல்ல நான் எழுதினதை, ஹாலில் கத்தினதை, வெட்டினதை எல்லாம் சொன்னேன். அந்த மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். அது எனக்கு மனப்பாடம். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் கேட்டது.

மாதேஷ் எழுந்து உள்ளே போய் அந்த இதழை எடுத்துவந்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு கேட்டான், அந்தப் பேச்சு எந்தக் கட்டத்தில் வர வேண்டியது என்று. நான் விரலை வைத்துக் காட்டினேன். வலது பக்கம் கீழே, கடைசிக் கட்டம்.

அந்தக் கட்டத்தின் மேல் அவனும் விரலை வைத்தான்.

"இதுல உளி கெளம்பத் திரும்பிட்டானேக்கா. பஸ்ஸுக்கு நேரமாயிட்டுது, போவட்டும்னு முதுகத் திருப்பி வெச்சிட்டேன். அண்ணன் இதச் சொல்லப் போறாருன்னு தெரிஞ்சிருந்தா நிக்க வெச்சிருப்பேன்."